நாற்காலியின் வயதைக் கேட்டவன்

எங்கள் வீட்டு ஆடும் நாற்காலியின் சாய்மானத்தில் கடைந்த கம்புகள் பதினொன்று. பிரம்பு பின்னிய இருக்கையைச் சுற்றிலும் துளைகள் எழுபத்தாறு. முன்சட்டத்தின் அடிப்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு பட்டைப் பலகை அறையப்பட்டிருந்தது; அதில் பித்தளை ஆணிகள் பதினான்கு. எட்டு வயதில் நாற்காலிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு இவற்றை எண்ணி முடித்தேன். ஒரு சாண் பலகையைப் பிடித்து நிறுத்தப் பதினான்கு ஆணிகள் எதற்கு என்று கேட்க அப்போதும் தோன்றவில்லை, அதற்குப் பிறகு நாற்பது வருஷமும் தோன்றவில்லை. எனக்கு எண்ணிக்கை கிடைத்தால் போதும், மனம் அடங்கிவிடும். இந்தக் குணத்தால் அரசாங்கக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து நல்ல பெயர் வாங்கினேன். இதே குணத்தால் என் மகளின் வாழ்க்கையையும் கெடுத்தேன். இப்போது வயது அறுபத்தொன்பது. இனி யாருக்காக மறைப்பது?

நாற்காலியைப் பற்றி அப்பா சொல்லிவந்த கதை இது. அவருடைய தகப்பனார் நாகப்பட்டினத்தில் துணி ஏற்றுமதி செய்தவர். யாரோ ஒரு துரை வீட்டில் ஆடும் நாற்காலியைப் பார்த்துவிட்டு, தமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று உள்ளூர்த் தச்சரை வைத்துத் தேக்கில் செய்துகொண்டார். அப்பா பிறப்பதற்கு முன்பே அது வீட்டில் இருந்தது. அப்பா வியாபாரத்துக்காகச் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறியபோது இருபத்திரண்டு மூட்டைத் துணியும் இந்த நாற்காலியும் கூட வந்தன. துணி வியாபாரம் நொடித்துப்போயிற்று, நாற்காலி மிஞ்சியது. பிறகு அவர் பஃபலோ ரோட்டில் மாடு வைத்துப் பால் விற்றார். ஒரு தரம் கதை சொல்லும்போது பதினெட்டு மூட்டை என்றார். இருபத்திரண்டு என்று நான் திருத்தினேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, ஆமாம், இருபத்திரண்டுதான் என்று ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் தவறவே இல்லை.

அந்தக் கதை இந்த ஊரில் எவ்வளவு அவசியமாக இருந்தது என்பது இப்போதுள்ளவர்களுக்குப் புரியாது. சம்பந்தம் பேச வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது இரண்டு கேள்விகள். எந்தத் துறைமுகம், எந்தக் கப்பல்? ஏனென்றால் அந்தக் காலத்தில் நம்மவர்கள் இங்கே மூன்று விதமாக வந்தார்கள். வியாபாரத்துக்கு வந்தவர்கள், கூலிக்கு வந்தவர்கள், காலில் சங்கிலியோடு வந்தவர்கள். இந்த ஊரின் பாதிச் சாலைகளைப் போட்டதும் பெரிய கட்டிடங்களுக்குச் செங்கல் சுட்டதும் மூன்றாவது கூட்டம்தான். தண்டனை முடிந்ததும் அவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை. இங்கேயே கல்யாணம் செய்துகொண்டார்கள், கடை வைத்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவர்கள் குடும்பங்களுக்கும் ஒரு துறைமுகம் உண்டு, ஒரு கப்பல் உண்டு. கேட்கிறவர் கேட்பார், சொல்கிறவர் சொல்வார், வெற்றிலைத் தட்டு நகரும். சொன்னதை யாரும் சரிபார்ப்பதில்லை. இந்த வழக்கம் எனக்குத் தெரியாதது அல்ல. அது மற்றவர்களைக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்டது என்று நினைத்திருந்தேன்.

மின்சார டிராம் ஓடத் தொடங்கிய வருஷம் என் ஒரே மகளுக்குப் பதினேழு வயது. சிராங்கூன் சாலையில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர் தம் இரண்டாவது மகனுக்குப் பெண் கேட்டார். மாப்பிள்ளை துறைமுகத்தில் எடை குறிக்கும் கிராணி. மகள் அவரைக் கோயிலில் பார்த்திருக்கிறாள். என்னிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்லும் வழக்கமும் இல்லை. அம்மாவிடம் மட்டும், "அவங்களா இருந்தா எனக்குச் சரிம்மா" என்றாளாம். அந்த வாரமே தலையணை உறைகளுக்குப் பூத்தையல் போட உட்கார்ந்துவிட்டாள். பத்து நாளில் நான்கு உறைகள் முடிந்தன. அதற்கு முன் ஒரு உறைக்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்கிறவள் அவள்.

கடைக்காரர் மனைவியோடும் தரகரோடும் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்தார். துறைமுகம் கேட்டார். நாகப்பட்டினம் என்றேன். கப்பல் கேட்டார். பாய்க்கப்பல், முப்பத்தேழு நாள் என்றேன். நான் கேட்டபோது, அவருடைய தகப்பனார் காரைக்காலில் கப்பல் ஏறியவர் என்றார். எல்லாம் முறைப்படி முடிந்தது, தட்டு நகர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். நான் எழுந்து, அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஆடும் நாற்காலியில் உட்காரவைத்து, இருபத்திரண்டு மூட்டைக் கதையை முழுதாகச் சொன்னேன். அவர் முன்னும் பின்னும் இரண்டு தரம் ஆடிப் பார்த்துக் கைப்பிடியைத் தடவினார்.

"நல்லா வச்சிருக்கீங்க. எம்பது வருசம்னு யாரு சொல்லுவா? நேத்து செஞ்ச மாதிரி இருக்கு."

பாராட்டாகத்தான் சொன்னார். இப்போது எனக்கு அது தெரிகிறது. அன்று அது என் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நேற்றுச் செய்த மாதிரி என்றால் என்ன அர்த்தம்? நான் சொன்னதை நம்பவில்லை என்கிறாரா? எங்கள் குடும்பத்துக்கு வம்ச விருத்தாந்தம் எழுதிய ஏடு கிடையாது, ஊரில் நிலம் கிடையாது, கடிதம் போடுகிற பங்காளி ஒருவர் கிடையாது. இருந்த ஒரே சாட்சி அந்த நாற்காலி. அதைப் பார்த்துப் புதிது என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார். ஒன்பது நாள் இதே நினைப்பாக இருந்தேன். கிடங்கில் தார்ப் பீப்பாய்களை எண்ணும்போது இரண்டு தரம் கணக்குத் தவறியது. என் உத்தியோகத்தில் அதுவரை அப்படி நடந்ததில்லை.

மனைவிக்கு என் முகத்தைப் பார்த்தே விஷயம் தெரிந்துவிட்டது. "ஏங்க, அவரு மகன் நாற்காலியையா கட்டிக்கப் போறாரு? பேசாம இருங்க" என்றாள்.

பேசாமல் இருப்பது எனக்கு வராது. ரோச்சோர் கால்வாய் ஓரத்தில் ஒரு சீனத் தச்சர் இருந்தார். அறுபதுக்கு மேல் வயது. பழைய மரச்சாமான்களை வாங்கிப் பழுதுபார்த்து வெள்ளைக்காரர்களுக்கு விற்கிறவர். எந்தச் சாமானையும் புரட்டிப் பார்த்து, எந்த ஊரில் எப்போது செய்தது என்று சொல்லிவிடுவார் என்று அவருக்குப் பெயர். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலியின் வயதையும் ஊரையும் சொல்ல வேண்டும், அதை நான் ஆங்கிலத்தில் எழுத வேண்டும், அடியில் அவர் முத்திரை வைக்க வேண்டும். இதுதான் என் ஏற்பாடு. அதோடு நின்றேனா? அதே ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வரும்படி கடைக்காரருக்கும் ஆள் அனுப்பினேன். அதெல்லாம் எதற்கு, எங்களுக்கு ஒன்றும் சந்தேகமில்லை என்று சொல்லியனுப்பினார். மறுபடியும் ஆள் அனுப்பினேன். அதே பதில் வந்தது. மூன்றாவது தரம் நானே கடைக்குப் போய் நின்றேன். வாடிக்கைக்காரர்கள் முன்னால் மறுக்க முடியாமல் வருகிறேன் என்றார்.

அவர் தடுத்தது இரண்டு தரம். மனைவி தடுத்தது ஐந்து தரமாவது இருக்கும். மகள் ஒரு தரமும் தடுக்கவில்லை. அப்பா செய்வது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தச்சர் மலாயில் பேசினார். அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் நான் தமிழில் திருப்பிக் கடைக்காரருக்குச் சொன்னேன். மனைவியும் மகளும் உள்ளே கதவோரம் நின்றார்கள்.

தச்சர் நாற்காலியில் உட்காரவே இல்லை. வந்ததும் அதைக் கவிழ்த்துப் போட்டார். வளைகால்களின் அடிப்பக்கம் தரையில் உரசி உரசி மெருகு போயிருந்தது. அந்த இடத்தை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். துணியில் காவி ஏறியது. தேக்கு இப்படிச் சாயம் விடாது, இது இந்தப் பக்கத்து மெர்பாவ் மரம் என்றார். நான் அப்படியே சொன்னேன். தேய்ந்த வளைகாலை அப்பா இங்கே மாற்றியிருப்பார் என்று என் பங்குக்குச் சேர்த்துக்கொண்டேன். அடுத்து இருக்கைச் சட்டத்தின் உள்பக்கத்தில் நகக்கண் அளவுக்கு உளியால் சீவி, எச்சில் தொட்டு முகர்ந்தார். இது செராயா, ஜொகூர்க் காட்டு மரம், உங்கள் நாட்டுப் பக்கம் வளராது என்றார். அதையும் சொன்னேன். குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும். பிறகு கைப்பிடியில் இருந்த ஒரு திருகாணியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அதன் முனை கூராக இருந்தது. தாம் தொழில் பழகிய காலத்தில் பட்டறையில் கிடந்த பழைய திருகாணிகளுக்கெல்லாம் முனை மொட்டை, கூர்முனை வந்தது அவற்றுக்குப் பிறகுதான் என்றார். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இது இந்த ஊரில் செய்த நாற்காலி, வயது நாற்பத்தைந்து இருக்கலாம், ஐம்பதைத் தொடாது.

எனக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது. நாற்காலி என்னைவிட இளையது.

கடைக்காரர் எழுந்தார். "நல்ல நாற்காலிதானுங்க. எந்த ஊரா இருந்தா என்ன? அப்ப நான் வர்றேன்" என்றார். இது அவர் எனக்குத் திறந்துவிட்ட வழி. எல்லாரும் சிரித்துக்கொண்டே எழுந்து காப்பி குடித்திருக்கலாம். அப்பா கொஞ்சம் மிகைப்படுத்திப் பேசுகிறவர் என்று நானும் சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் தச்சர் சொன்னது தவறு என்று எனக்கு நிரூபித்தாக வேண்டியிருந்தது. செய்தவன் எங்காவது அடையாளம் இட்டிருப்பான், அது அந்தப் பட்டைப் பலகைக்கு அடியில்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அதைத் தொடக் கூடாது, எடுத்தால் நாற்காலி பிரிந்துவிடும் என்று அப்பா சொல்லியிருந்தார். அவர் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. கடைக்காரரை ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லிவிட்டு, பலகையைக் கழற்றும்படி தச்சரிடம் சொன்னேன். அவர் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தரையில் வைத்தார். பதினான்கும் வந்தன. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பலகைக்குக் கீழே மரத்தில் சூட்டுக்கோலால் இட்ட குறி இருந்தது. ஓர் அம்பு, அதற்குப் பக்கத்தில் முன்னூற்றுப் பதினேழு என்று எண். அந்த அம்பை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அரசாங்கச் சொத்து என்பதற்கு அதுதான் அடையாளம். கிடங்கில் மண்வெட்டி முதல் மைக்கூடு வரை அந்தக் குறியைப் பார்த்துப் பார்த்துத்தான் தினமும் எண்ணுகிறேன்.

தச்சருக்குச் சந்தோஷம். தாம் சொன்னது சரி என்று ஆகிவிட்டதல்லவா. இதே குறியோடு மூன்று நாற்காலிகள் தம் கைக்கு வந்ததுண்டு என்றார். பழைய சிறையின் பட்டறையில் துரைமார் வீடுகளுக்காகச் செய்தவை. இணைப்புகளில் மயிரிழை கூட விலகவில்லை பாருங்கள் என்று விரலால் தடவிக் காட்டி, செய்தவன் பெரிய கைகாரன் என்றார். யார் செய்தது என்று நானே கேட்டேன். வாய் கேட்டுவிட்டது.

"ஒராங் ரந்தாய்" என்றார் தச்சர்.

சங்கிலி ஆட்கள். அந்தக் கைதிகளுக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர் அது. அதுவரை ஒரு வாக்கியம் விடாமல் மொழிபெயர்த்துவந்த நான் இந்த இரண்டு சொற்களுக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"விடுங்க கிராணியாரே. நானும் இந்த ஊர்ல பொறந்தவன்தான். எனக்கும் மலாய் தெரியும்."

மனைவி கொண்டுவந்த காப்பியை மீதி வைக்காமல் குடித்தார். மழை வரும் போலிருக்கிறது என்றார். போய்விட்டார். தச்சர் நாற்காலியை நிமிர்த்தி வைத்து, ஆணிகளைப் பொறுக்கி என் கையில் கொடுத்து, முத்திரை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டார்.

அன்று முழுவதும் மனைவியிடம் வாதம் செய்தேன். அரசாங்கம் வேண்டாம் என்று தள்ளுகிற சாமான்களை ஏலம் விடுவது உண்டு, நானே அந்த ஏலங்களுக்குப் பட்டியல் எழுதியிருக்கிறேன், அப்பா அங்கே வாங்கியிருப்பார், நாற்காலியைச் சிறையில் செய்தால் உட்காருகிறவன் எல்லாம் கைதியா என்று கேட்டேன். பதில் எனக்கே தெரிந்திருந்தது. ஏலத்தில் வாங்கியவன் குறியை மறைத்துப் பதினான்கு ஆணி அடிப்பானா?

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. எங்கள் தெருவில் யார் வீட்டுக் கதவு இறங்கினாலும் அப்பாதான் போய் இழைத்துப் பொருத்திவிட்டு வருவார். துணி வியாபாரியின் மகனுக்கு இழைப்புளி பிடிக்க எங்கே தெரிந்தது? எவ்வளவு புழுக்கத்திலும் வேட்டியைக் குதிகால் வரை இறக்கித்தான் கட்டுவார். அவர் இறந்தபோது குளிப்பாட்டியவன் நான். இரண்டு கணுக்காலிலும் ஒரு விரல் அகலத்துக்கு முடி முளைக்காமல் தோல் மினுமினுவென்று இருந்தது. கப்பலில் கயிறு சுற்றிக்கொண்ட தழும்பு என்று சின்ன வயதில் சொல்லியிருக்கிறார். இரண்டு காலிலும் ஒரே உயரத்தில், ஒரே அகலத்தில் சுற்றிய கயிறு. அதையும் அன்று விரலால் அளந்தேனே தவிர, மேற்கொண்டு யோசிக்கவில்லை.

அந்த நாற்காலியை அவரே செய்திருக்கலாம். தம் கைவேலையைத் தாமே ஏலத்தில் விலைகொடுத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். பழைய பதிவேடுகள் என் கிடங்கிலிருந்து இரண்டு கட்டிடம் தள்ளித்தான் இருந்தன. இந்தத் தேசத்தில் எதையும் எண்ணிச் சரிபார்க்கிற நான் அங்கே மட்டும் போகவில்லை. என்ன குற்றம் என்று தெரிந்துவிடுமோ என்ற பயம். அவர் என்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கோபம் வரும். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? இன்னும் பத்து ஆணி அடிக்கச் சொல்லியிருப்பேன்.

புதன்கிழமை தரகர் தனியாக வந்தார். தின்பதற்குக் கொடுத்ததைத் தொடவில்லை.

"அவங்க வேற எடம் பாக்கறாங்களாம் கிராணியாரே."

"கைதி வம்சம்னு வேணாம்னுட்டாரா?" என்று கேட்டேன்.

தரகர் சிரித்தார். "அதுக்கா? அதப் பாத்தா இந்த ஊர்ல எவன் வீட்டுல கல்யாணம் நடக்கும்? அவரு வீட்டுக் கட்டிலுக்கு அடியில என்ன குறி இருக்குன்னு அவரு சம்சாரத்துக்குத்தான் தெரியும்."

"அப்பறம் என்னவாம்?"

"பெத்த அப்பன் மூடி வச்சத, ஆளக் கூட்டி ஆணி புடுங்கிப் பாக்கறவரு, நாளைக்கு சம்பந்தின்னு எங்க வீட்டுக்குள்ள வந்தா எதையெல்லாம் புடுங்குவாருன்னு கேக்கறாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியலீங்க."

தரகரை வாசல் வரை கொண்டுபோய் விட்டேன்.

மகளிடம் நானே சொன்னேன். அடுக்களையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தரகர் சொன்னதை மறைக்காமல் சொல்லி முடித்தேன். மடிப்பதை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, "நாற்காலியப் பத்தி அவங்க கேக்கவே இல்லையே அப்பா" என்றாள். அவ்வளவுதான். அழுதாளா என்பது அவள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அம்மாவும் என்னிடம் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் ஜொகூர்க் கரையோரம் மூவாரில் ரப்பர்த் தோட்டத்துக் கிராணி ஒருவருக்கு அவளைக் கொடுத்தேன். மனைவியை இழந்தவர், இரண்டு குழந்தைகள், அவளைவிடப் பதினாறு வயது மூத்தவர். அவர்கள் துறைமுகம் கேட்டார்கள், நாகப்பட்டினம் என்றேன். கப்பல் கேட்டார்கள், பாய்க்கப்பல் என்றேன். மூட்டைகளைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நாற்காலியை உள்ளறையில் போட்டுச் சேலையால் மூடியிருந்தாள் மனைவி. காரியம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. இப்படியும் ஒரு கல்யாணம் பேசலாம் என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த ஒரு மணி நேரத்தில்.

பத்தொன்பது வருஷத்தில் அவள் இந்த வீட்டுக்கு வந்தது ஆறு தரம். பிரசவத்துக்கு மூன்று, கண் வைத்தியத்துக்கு ஒன்று, அம்மா படுத்தபோது ஒன்று, அம்மா போனபோது ஒன்று. கடைசியில் வந்தபோது பதினேழு நாள் இருந்தாள். புறப்படுகிற அன்று, அந்த நாற்காலி உன் தாத்தா கையால் செய்தது, நீ கொண்டுபோ என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"எனக்கு எதுக்குப்பா? அங்க உக்கார நேரம் ஏது?"

அவள் கைகளைப் பார்த்தேன். அவள் அம்மாவின் கைகளைவிடக் கிழடாக இருந்தன. அந்த வீட்டில் உன்னை நல்லபடியாக வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தரமாக அப்போதுதான் கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப கேக்காதீங்கப்பா" என்று சொல்லி மூட்டையை இறுக்கிக் கட்டினாள்.

மூவார்ப் படகு நாலு மணிக்கு. கரை வரை வருகிறேன் என்றேன். வேண்டாம், வெயில் என்றாள். ரிக்‌ஷா வந்தது, ஏறிக்கொண்டாள்.